படம் போட்ட ரஸ்க்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சில்வண்டு எழுதிக்கொள்வது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். பெட்டி மட்டும் ஒரு நாள் பிந்தி வந்தது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? டீயில் ரஸ்க்கை நனைத்துத் தின்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கால் மணி நேரம் பேசினால் நீ "ம்" என்கிறாய். அழுதாலும் "ம்", திட்டினாலும் "ம்". பேனாவைக் கையில் எடுத்தால் வெறும் "ம்" எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால் இனிமேல் கடிதம்தான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி போன பிறகு உன்னோடு இருந்த நாட்களில் ஒன்றைப் பார்த்தேன். உன் பேக்கரிக்குள் நுழைந்தால் ரஸ்க் பாக்கெட் தாளில் ரோல் ரோலாக அண்ணி முகம். சீல் போடும் மெஷினிலிருந்து வரிசையாக அண்ணி முகம். தெருவில் இறங்கினால் கடைக்குக் கடை சரம் சரமாக அதே முகம். வாய்க்கால் ஓரத்தில் கசங்கிக் கிடந்த பாக்கெட்டை நான் குனிந்து எடுத்தேன். நீ பார்க்காத மாதிரி நடந்து போனாய்.

அந்தப் படத்தை எடுத்துவிடு அண்ணா. நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு எந்த மனுஷனும் தேற முடியாது. பாக்கெட்டுக்கு முகம் வரைவதுதான் இங்கே என் பிழைப்பு. உனக்குச் சும்மாவே ஒன்று வரைந்து தருகிறேன்.

இன்னொன்று மனதை அரிக்கிறது. பேக்கரிக்கு எதிரிலேயே அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்க, அண்ணியை ஏன் பாதி நாள் பயணம் போய் வேற்றூரில் சேர்த்தாய்? அங்கேயே எல்லாம் முடிந்து, நீ, நான், ரஸ்க் சுடும் மாஸ்டர், அந்த ஏஜெண்ட் என்று நாலு பேர் மட்டும் நின்று அடக்கம் செய்துவிட்டு வந்தோம். குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

சாப்பிடு, தூங்கு, எழுது.

உன் தங்கை

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். அடுப்பும் நன்றாக இருக்கிறது. இரண்டாவது அடுப்பின் கதவு கொஞ்சம் சாய்ந்து சூடு கசிந்தது, ஆள் வைத்துச் சரி செய்தாயிற்று. மாஸ்டர் உன்னை விசாரித்தார். மழை இல்லை. ஈரக் காற்று அடித்தால் ரஸ்க் நமுத்துவிடும், அதனால் மழை இல்லாதது நல்லதுதான்.

படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நம் சரக்கைக் கடைகளுக்கு எடுத்துப் போகிறவர் ஏஜெண்ட், அவரைக் கேட்காமல் எதையும் மாற்ற முடியாது. கேட்டேன். கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், தலையில கல்லைத் தூக்கிப் போடாதீங்க. உங்க பாக்கெட்ல என்ன பேர் போட்டிருக்குன்னு எவனுக்காவது தெரியுமா? எனக்கே தெரியாது. 'அந்த அம்மா படம் போட்ட ரஸ்க் குடு'ன்னுதான் கேக்கிறாங்க. காய்ச்சல்ல படுத்தவன், பல்லு முளைக்கிற குழந்தை, ஆபரேஷன் முடிஞ்சு வந்தவன், இவங்கதான் நம்ம ஆளுங்க. அந்த முகத்தைப் பார்த்தா பெத்தவ பக்கத்துல உக்காந்து ஊட்டுற மாதிரி இருக்கு அவங்களுக்கு. முகம் போச்சுன்னா சரக்கும் போச்சு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, முன்பே சொன்னதை மறுபடியும் சொன்னார். "வெளியே மூச்சு விடாதீங்க. நோயாளி திங்கிற பண்டம் இது. அந்த அம்மாவே நோயிலதான் போனாங்கன்னு தெரிஞ்சா, எவன் வாங்கித் தன் பிள்ளைக்குக் கொடுப்பான்?"

அவர் சொல்வதில் தப்பு இல்லை. வியாபாரம் அப்படித்தான். நம் ஆட்களுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியில் யாராவது கேட்டால் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுகிறேன். இதுவரை சிரமம் ஒன்றும் இல்லை.

பெட்டி வந்து சேர்ந்ததில் சந்தோஷம். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சளி. காதை மூடச் சொன்ன கடிதம் சளி பிடித்த பிறகு வந்தது. மற்றபடி சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பியதாக நீயும் நினைத்துக்கொள்.

"கேட்டால் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுகிறேன்" என்று ஒரு வரி. யார் நன்றாக இருப்பதாக? அந்த வரியில் ஆளையே காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள், நீயும் உன் ஏஜெண்டும். எத்தனை நாளைக்கு?

ஆனால் அந்த மனுஷர் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறேன். ஜனங்கள் பண்டத்தை வாயில் வைப்பதற்கு முன்பே கண்ணால் தின்று முடித்துவிடுகிறார்கள். ஒரே சோப்பை வெள்ளைத் தாளில் சுற்றினால் ஆஸ்பத்திரி சோப், பூப்போட்ட தாளில் சுற்றினால் கல்யாண சோப். உள்ளே இருப்பது ஒன்றே என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் நீ சுடுகிற ரஸ்க் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கு முகம்தான் ரஸ்க்.

அதற்காக ஆயுளுக்கும் அதைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? இத்தோடு கோதுமைக் கதிர் ஒன்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். எல்லாக் கடைக்கும் வேண்டாம். சந்தைத் தெருவில் மட்டும் போட்டுப் பார். பிடித்துவிட்டால் மெல்ல மெல்ல மாற்றிவிடலாம்.

என் கேள்விக்குப் பதில் வரவில்லை. அடுப்புக் கதவு சாய்ந்ததை மட்டும் விலாவாரியாக எழுதுகிறாய்.

தங்கை

மே 6

அன்புத் தங்கைக்கு,

பதில் பிந்திவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். சளி விட்டதா?

உன் கதிர் அழகாக இருந்தது. மாஸ்டர் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். சந்தைத் தெருவுக்கு மட்டும் அதில் போட்டு அனுப்பினோம். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. ஒரு கடையில் சர்க்கரை குறைந்துவிட்டதாம். அடுத்த கடையில் சர்க்கரை கூடிவிட்டதாம். ஒரு பெரியவர் பல்லுக்குக் கடினமாக இருக்கிறது என்றாராம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "இது யாரோ பண்ணது. எனக்கு அந்த அம்மா பண்றதுதான் வேணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே டிரேயிலிருந்து எடுத்துப் பாதியைக் கதிர் பாக்கெட்டிலும் பாதியைப் படம் போட்ட பாக்கெட்டிலும் என் கையாலேயே போட்டேன். இரண்டையும் சந்தைத் தெரு மூலைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதிரைக் கடித்ததும் முகம் சுளித்தார். மற்றதைக் கடித்துவிட்டு, "இதுதாங்க பழைய ருசி. வீட்டம்மா கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் படத்துக்கே வந்துவிட்டோம். ஆனால் அச்சடிக்கிற சிலிண்டர் தேய்ந்துவிட்டது, படம் மங்குகிறது என்று பிரஸ்காரர் சொல்கிறார். புதிதாகச் செய்ய வேண்டுமாம். இத்தோடு பழைய பாக்கெட் ஒன்றை வைத்து அனுப்பியிருக்கிறேன். அதையே தெளிவாக்கித் தர உன்னால் முடியுமா?

எதிர் ஆஸ்பத்திரியில் கேன்டீன் நடத்துகிற அம்மாவை நீ பார்த்திருக்கிறாய். வாரம் தவறாமல் நம்மிடம் எடுக்கிறவர். படத்தில் இருப்பவரை ரொம்ப நாளாகக் காணோமே என்று கேட்டார். நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அப்படியானால் ஏன் கண்ணிலேயே படவில்லை என்றார். உன் கடிதம் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் சளி என்றேன். மறுநாள் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்து அனுப்பியிருந்தார். மாஸ்டரும் மற்றவர்களும் சாப்பிட்டார்கள். நல்ல ஆரஞ்சு.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்

மே 20

அண்ணா,

இந்தத் தடவை நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. "நல்ல ஆரஞ்சு" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். என் சளியை எடுத்து அண்ணிக்குக் கொடுத்திருக்கிறாய். அந்த அம்மா அடுத்த வாரம் கேட்டால் என்ன சொல்வாய்? சளி முற்றிவிட்டது என்றா?

இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு கடிதத்திலும் ஒரு இடத்திலாவது "உன் அண்ணி" என்று நீ எழுதவில்லை. "படம்" என்கிறாய். "படத்தில் இருப்பவர்" என்கிறாய். ஜனங்கள்தான் அண்ணியைப் பாக்கெட்டாகப் பார்க்கிறார்கள் என்றால் நீயுமா?

கோபம் தீர்ந்தது. இனி வேலை. நீ அனுப்பிய பாக்கெட்டை வைத்துப் படத்தைச் சுத்தம் செய்துவிட்டேன். அச்சு ரொம்ப மோசமாக இருந்தது. மூக்கருகே ஒரு புள்ளி, கண்ணுக்குக் கீழே ஒரு கீறல், தோளில் அழுக்கு மாதிரி ஒரு திட்டு. எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. அண்ணி இப்போது பளிச்சென்று இருக்கிறார். முகத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது அடிக்கடி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டியிருந்தது. நீ அதை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை பார்க்கிறாய். எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

பார்த்துவிட்டுச் சொல். பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிடலாம்.

தங்கை

ஜூன் 27

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னைக் கேட்டுப் பயனில்லை என்பதால் மாஸ்டருக்குப் போன் போட்டேன். "சார் வேலைக்கு வர்றார்மா. வர்றதுல குறையே இல்லை. வேலை முடிஞ்சும் போக மாட்டேங்கிறார், அதான் குறை. மாவு மூட்டை மேலேயே படுத்துக்கிறார்" என்றார்.

படம் அனுப்பியதற்குப் பதிலே இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுது. நான் என்ன, சம்பளத்தைப் பிடித்துக்கொள்வாய் என்று பயப்படப் போகிறேனா?

வீட்டில் போய்ப் படு அண்ணா.

தங்கை

ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மூட்டை மேல் படுப்பது முதுகுக்கு நல்லது என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தேன். அதை அவர் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன் படம் வந்தது. பிரஸ்காரர் பிரமாதம் என்றார். அம்மாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்று ஏஜெண்ட் சொன்னார். மாஸ்டர் மட்டும் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "என்னன்னு சொல்லத் தெரியலை சார். அம்மா தனியா நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அதை நான் பிரஸ்ஸுக்குக் கொடுக்கவில்லை. மேஜை மேல் கிடக்கிறது.

தோளில் ஒரு திட்டு இருந்தது என்று எழுதியிருந்தாய். அது வேண்டும். திரும்பப் போட முடியுமா?

அது அழுக்கு இல்லை. என் விரல்.

முதல் அடுப்பைப் பற்றவைத்த அன்று நீதான் அந்தப் படத்தை எடுத்தாய், யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவில். நானும் உன் அண்ணியும் அடுப்புக்கு முன்னால் நின்றோம். பிறகு பாக்கெட்டுக்கு ஒரு படம் வேண்டும் என்றதும் அவள் கத்தரிக்கோலை எடுத்து என்னை வெட்டிவிட்டாள். "உங்க மூஞ்சியைப் போட்டா காய்ச்சல்காரனுக்கு இன்னும் ரெண்டு டிகிரி ஏறும்" என்றாள். ஆனால் முழுசாக வெட்ட முடியவில்லை. என் கை அவள் தோளில் இருந்தது. கையை வெட்டினால் தோளும் சேர்ந்து போகும். அதனால் நாலு விரல் மட்டும் தங்கிவிட்டது. அச்சில் அது திட்டாகிவிட்டது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பாக்கெட் எங்கே போனாலும், எந்த வாய்க்காலில் கிடந்தாலும், என் கை அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் பார்த்துக்கொண்டு நடக்க முடிந்தது.

ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவள்தான் முடிவு செய்தாள். "கீழே கேன்டீன்ல என் மூஞ்சி தொங்குது. மேலே வார்டுல நான் படுத்துக் கிடந்தா நம்ம ரஸ்க்கும் கூடவே படுத்துடும்" என்றாள். நான் முடியாது என்றேன். சத்தம்கூடப் போட்டேன். எங்கள் இரண்டு பேரில் யார் பேச்சு நடக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த ஊரில் நம் ரஸ்க் கிடையாது, அதனால் அவளை யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வேறு ஏதோ கம்பெனி ரஸ்க் சாப்பிட்டார். அவள் ஒன்று வாங்கி ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள். "ரெண்டாவது சூடு பத்தலை" என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டாள்.

இங்கே சேர்த்திருந்தாலும் இதே முடிவுதான் என்று டாக்டர் சொன்னார். அதை நம்புகிறேன். ஆனால் அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. இவ்வளவு பேர் வீட்டில் அவள் முகம் இருக்கிறது. ஒருவரும் வரவில்லை.

விரலைப் போட்டு அனுப்பு.

அண்ணன்

ஆகஸ்ட் 11

என் அண்ணாவுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். படம் எடுத்தவளே நான். எனக்கே தெரியவில்லை. உன் கையை அழுக்கு என்று நினைத்து உட்கார்ந்து துடைத்திருக்கிறேன், அதுவும் எவ்வளவு சிரத்தையாக. மன்னித்துவிடு. என்னால் இதற்கு மேல் அழகாக எழுத முடியவில்லை.

விரலைத் திரும்பப் போட்டுவிட்டேன். இத்தோடு இருக்கிறது. எடுத்துப் பார். மாஸ்டரிடமும் காட்டு.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அண்ணி, தான் படுத்திருப்பதை மறைக்கச் சொன்னார். போனதை மறைக்கச் சொன்னாரா? அது ஏஜெண்ட் சொன்னது. இரண்டையும் நீ ஒன்றாக்கிக்கொண்டாய். யாரும் வரவில்லை என்கிறாய். நீ யாரையும் கூப்பிடவே இல்லையே அண்ணா. தெரிந்திருந்தால் அந்தக் கேன்டீன் அம்மா வந்திருப்பார். ஆரஞ்சோடு வந்திருப்பார்.

சொல்லிவிடு. வியாபாரம் போனால் போகட்டும் என்று தூரத்தில் இருந்து சொல்வது சுலபம், எனக்குத் தெரியும். உன்னை நம்பிப் பல வீட்டில் அடுப்பு எரிகிறது, அதுவும் தெரியும். ஆனாலும் ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்காகக் கடைத்தெருவில் நின்று அழக்கூட முடியாத வியாபாரம் என்ன வியாபாரம்?

நான் இங்கே நன்றாக இல்லை. உன் நினைவாகவே இருக்கிறது.

சில்வண்டு

செப்டம்பர் 21

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை என்று எழுதியிருந்தாய். இப்போது தேவலையா?

கேன்டீன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சரக்கு இறக்கப் போனபோது, "வீட்டம்மாவுக்கு இன்னுமா சளி விடலை?" என்றார்.

"அவ இல்லைங்க. ஜனவரியிலேயே போயிட்டா."

அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு, "அப்போ நான் குடுத்த ஆரஞ்சு?" என்றார்.

"நம்ம ஆளுங்க சாப்பிட்டாங்க."

"என் மூஞ்சிக்கு நேரா நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்களே. இங்க வர்ற ஒவ்வொருத்தர் கையிலயும் 'அந்த அம்மா ரஸ்க்கு, தைரியமா சாப்பிடுங்க'ன்னு சொல்லித்தானே குடுத்தேன்? என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே."

தொங்கிக்கொண்டிருந்த சரத்தை ஆணியிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு செய்தி தெருத் தெருவாகப் போய்விட்டது. ஏஜெண்ட் வந்தார். "நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இனி அந்த முகத்தை எந்தக் கடையில காட்டுவேன்? செத்தவங்க படத்தைக் காய்ச்சல்காரன் கையில குடுக்கச் சொல்றீங்களா?" என்றார். முகத்தை எடுக்காதே என்று சொன்ன அதே வாய். அவரைக் குறை சொல்லவில்லை. வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஒரு அடுப்பை அணைத்துவிட்டோம். சிலருக்கு வேறு இடத்தில் வேலை கேட்டுக் கொடுத்தேன். மாஸ்டர் போக மாட்டேன் என்கிறார். பேக்கரி இப்போது சத்தம் இல்லாமல் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் மற்ற அடுப்பையும் அணைக்க வேண்டியதுதான்.

உன் படத்தைப் பார்த்தேன். விரல் இருந்தது. ஆனால் இனி முகம் வேண்டாம். எடுத்துவிடு. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு அவள் ஏன் இன்னும் கடைக்குக் கடை நின்றுகொண்டே இருக்க வேண்டும்? போய் உட்காரட்டும்.

விரல் மட்டும் இருக்கட்டும். அது இருந்த இடத்திலேயே.

அண்ணன்

அக்டோபர் 4

அன்புள்ள அண்ணா,

நான் தேவலை. நீ "அவ இல்லைங்க" என்று சொன்னதைப் படித்த பிறகு இன்னும் கொஞ்சம் தேவலை.

நீ சொன்னபடியே முகத்தை எடுத்துவிட்டு விரலை மட்டும் வைத்துப் பார்த்தேன். பாக்கெட்டுக்குள்ளிருந்து யாரோ திருடன் கையை நீட்டுகிற மாதிரி இருந்தது. குழந்தை பார்த்தால் பயந்து அலறும். அதனால் விரலைக் கோடாக்கிவிட்டேன். சாய்வாக நாலு கோடு, ஒன்று மட்டும் கொஞ்சம் குட்டை. அதே இடத்தில், அதே சாய்வில். மீதி இடம் வெறுமைதான்.

தொழில்காரியாக ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இதை என் மேலாளரிடம் காட்டினால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பெயரை யாரும் படிப்பதில்லை, முகம் இல்லை, பண்டத்தின் படம் இல்லை. வாங்குகிறவருக்கு ஒரு மண்ணும் புரியாது. அந்தக் கதிரே தேவலை என்று தோன்றும். ஓடவில்லை என்றால் பேக்கரியை மூட வேண்டிவரும். தெரிந்துதானே செய்கிறாய்?

தெரிந்துதான் செய்கிறாய். எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது.

தங்கை

டிசம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

கடிதம் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. ஏஜெண்ட் இல்லாததால் நானே வண்டியில் சரக்கை ஏற்றிக் கடை கடையாகப் போகிறேன். முதலில் ஒருவரும் வாங்கவில்லை. "இது என்ன ரஸ்க்?" என்று கேட்பார்கள். "ரஸ்க்" என்பேன். நீதான் பேச வல்லவள், உன்னை அனுப்பியிருந்தால் விற்றிருப்பாய்.

ஒரு நாள் கேன்டீன் அம்மா பேக்கரிக்கே வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, "அவங்களை எங்க அடக்கம் பண்ணீங்க?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். "அவ்வளவு தூரமா?" என்றார்.  அப்புறம் மேஜையில் இருந்த புதுப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு நான் என்ன பேர் சொல்லிக் குடுக்கிறது?" என்றார்.  "நாலு கோடு ரஸ்க்குன்னு சொல்லிக்கிறேன்" என்று அவரே சொல்லிவிட்டு ஒரு சரத்தை எடுத்துக்கொண்டு போனார். காரணம் கேட்கவில்லை.

அந்தப் பெயர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களோடு வெளியே போய்விட்டது. அணைத்த அடுப்பு அணைந்தபடியேதான் இருக்கிறது, ஆனால் எரிகிற அடுப்பை அணைக்க வேண்டியதில்லை.

நேற்று சந்தைத் தெரு மூலைக் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். வீட்டம்மா கைப்பக்குவம் என்று சொன்னாரே, அதே கடைக்காரர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து, "நாலு கோடு ரஸ்க் குடுங்க. அது என்னங்க நாலு கோடு?" என்று கேட்டார்.

"நாலு தடவை சூடு காட்டி எடுப்பாங்கம்மா. கோட்டுக்கு ஒரு சூடு. முன்ன படம் போட்டு வந்துச்சே, அதைவிட இதுதான் மொறுமொறுப்பு. ருசியே தனி" என்றார் கடைக்காரர். என்னைப் பார்த்து, "அப்படித்தானே சார்?" என்றார்.

"இல்லைங்க, ரெண்டு தடவைதான்" என்றேன். எப்போதும் போலத்தான் சுடுகிறோம், ஒன்றும் மாற்றவில்லை என்றும் சொன்னேன்.

"பாத்தியாம்மா, சாருக்குத் தன்னடக்கம்" என்றார் அவர். அந்தப் பெண் இரண்டு பாக்கெட்டாக வாங்கிக்கொண்டார்.

உன் அண்ணி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. "பாத்தீங்களா, உங்க மூஞ்சியைக் காட்டாம கையை மட்டும் காட்டினதாலதான் விக்குது" என்றிருப்பாள். அவள் குரலிலேயே கேட்டது. ஜனவரிக்குப் பிறகு அவள் குரல் எனக்குக் கேட்டதே இல்லை, படம் மட்டும்தான் இருந்தது. அங்கேயே, வண்டியைப் பிடித்துக்கொண்டு, கடைத்தெருவில் நின்று அழுதேன். அந்தப் பெண் குழந்தையோடு பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் ஓடி வந்து என்ன சார், என்ன சார் என்றார். என் பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள் என்று சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும் இன்றைக்குத்தான் நடந்த மாதிரி என் தோளில் கையை வைத்தார்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாய். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதிக்கொண்டே வந்தேன். நன்றாக இல்லை, சில்வண்டு. முடிந்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நான் இப்போது வீட்டில்தான் படுக்கிறேன்.

அண்ணன்